மரத்தடியில் ஒரு மணி நேரம்: தொடக்கப் பள்ளிக் குழந்தைகளின் வெளிப்புறக் கற்றல் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தொடக்கப் பள்ளி ஆசிரியையாக இருந்து, வாரத்தில் ஒரு மணி நேரமாவது வகுப்பை வெளியே நடத்தி வந்த ஆண்டுகளில், பெற்றோர் கூட்டத்திலும் ஆசிரியர் பயிற்சிகளிலும் பள்ளி வாசலிலும் ஒரே ஐயங்கள் திரும்பத் திரும்ப என்னிடம் வந்தன. அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். 1 முதல் 5 வரையுள்ள வகுப்புகளையும் தமிழ்நாட்டுப் பள்ளிகளின் சூழலையும் மனத்தில் வைத்தே விடைகள் எழுதப்பட்டுள்ளன.

வெளிப்புறக் கற்றல் என்கிறீர்களே, சுற்றுலா போவதைத்தானே சொல்கிறீர்கள்?

இல்லை. சுற்றுலா என்பது ஆண்டுக்கு ஒருமுறை புதிய இடத்தைக் கண்டு வருவது. நான் சொல்வது பள்ளிக்குள்ளேயோ பள்ளியை ஒட்டியோ இருக்கும் ஒரே இடத்திற்கு வாரந்தோறும் செல்வது. அங்கே அந்த வாரத்துப் பாடத்தையே நடத்துவது.

இடம் மாறாமல் இருப்பதில்தான் இதன் பயன் முழுவதும் இருக்கிறது. பூவரசம்பூ மலரும்போது மஞ்சளாக இருக்கும். வாடும் வேளையில் சிவந்துவிடும். மரத்தை ஒருமுறை மட்டும் பார்த்த குழந்தை, அதில் இரண்டு நிறப் பூக்கள் பூக்கின்றன என்று எழுதும். மொட்டின் காம்பில் நூல் கட்டி வைத்து மறுநாளும் வந்து பார்த்த குழந்தை, ஒரே பூதான் நிறம் மாறுகிறது என்று தானே கண்டுபிடிக்கும். முதல் வாரத்தில் குழந்தைகள் ஓடுவார்கள், கத்துவார்கள். நான்காம் வாரத்தில் இடம் பழகிவிடும். அதன் பிறகுதான் உற்றுப் பார்க்கத் தொடங்குவார்கள். இரண்டாம் வாரத்திலேயே மனம் தளர்ந்து நிறுத்திவிடும் ஆசிரியர்களிடம் நான் வேண்டிக் கேட்டுக்கொள்வது, இன்னும் இரண்டு வாரம் பொறுங்கள் என்பதைத்தான்.

இது வெளிநாட்டிலிருந்து வந்த மோகம்தானே?

வெளிநாடுகளில் இதற்கு நீண்ட வரலாறு உண்டு என்பது உண்மை. 1904-இல் பெர்லினை அடுத்த சார்லட்டன்பர்க்கில், உடல் நலிந்த குழந்தைகளுக்காகக் காட்டுக்குள் ஒரு பள்ளி திறக்கப்பட்டது. 1950-களில் டென்மார்க்கில் மழலையரைக் காட்டுக்கு அழைத்துச் சென்று வளர்க்கும் வழக்கம் தோன்றியது. 1993-இல் அதை நேரில் கண்டு திரும்பிய இங்கிலாந்தின் பிரிட்ஜ்வாட்டர் கல்லூரியினர் தம் நாட்டில் வனப்பள்ளி முறையைத் தொடங்கினர். ஆனால் 1901-இல் தாகூர் தொடங்கிய சாந்திநிகேதன் பள்ளியில் வகுப்புகள் மரத்தடியில்தான் நடந்தன. நம் திண்ணைப் பள்ளிகளில் குழந்தைகள் மணலில் விரலால் எழுதித்தான் எழுத்தைக் கற்றார்கள்.

அவர்கள் செய்வதை அப்படியே நாம் எடுத்தாள முடியாது என்பதையும் சொல்ல வேண்டும். குளிருக்கு என்ன உடுத்துவது என்பது அவர்களுடைய கவலை. நிழல் எங்கே இருக்கிறது, குடிக்கத் தண்ணீர் இருக்கிறதா என்பவை நம்முடைய கவலைகள். நம் தட்பவெப்பத்திற்கும் நம் வகுப்புகளின் எண்ணிக்கைக்கும் ஏற்ற முறையை நாமேதான் வகுத்துக்கொள்ள வேண்டும்.

வாரம் ஒரு மணி நேரம் வெளியே போய்விட்டால் பாடத்தை எப்போது முடிப்பீர்கள், டீச்சர்?

என்னிடம் மிக அதிகமாகக் கேட்கப்பட்ட கேள்வி இது. கல்வி உரிமைச் சட்டம் 1 முதல் 5 வரையுள்ள வகுப்புகளுக்கு ஆண்டுக்கு 200 வேலை நாள்களையும் 800 கற்பித்தல் மணி நேரத்தையும் வரையறுக்கிறது. 200 நாள்கள் என்பது வாரம் ஐந்து நாள் வீதம் 40 வாரங்கள். வாரம் ஒரு மணி நேரம் வெளியே நடத்தினால் 800-இல் 40 மணி நேரம், அதாவது இருபதில் ஒரு பங்குதான் ஆகிறது. அந்த 40 மணி நேரத்திலும் பாடமே நடக்கிறது என்பதால் இழப்பு என்ற பேச்சுக்கே இடமில்லை.

கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். பத்து பத்தாகக் கூட்டி எண்ணுவதற்குப் புளியங்கொட்டையைவிட நல்ல கருவி எந்தக் கடையிலும் கிடைக்காது. இரண்டாம் வகுப்பில் நீளத்தைச் சாணாலும் முழத்தாலும் அளக்கும் பாடம் வருகிறது. ஒரே வேப்பமரத்தின் சுற்றளவை ஐந்து குழந்தைகள் தங்கள் சாணால் அளந்து ஐந்து விடைகளைச் சொல்லும்போது, "யார் சொல்வது சரி?" என்ற சண்டை அவர்களுக்குள்ளேயே மூளும். அந்தச் சண்டை நன்றாக முற்றிய பிறகு பையிலிருந்து அளவு நாடாவை எடுங்கள். எல்லோருக்கும் பொதுவான அளவு ஒன்று ஏன் வேண்டும் என்பதை அதற்கு மேல் விளக்கத் தேவையிருக்காது.

தரையில் ஒரு குச்சியை நட்டு, காலை 10 மணிக்கும் நண்பகலுக்கும் பிற்பகல் 2 மணிக்கும் அதன் நிழல் முனையில் கல் வைத்தால், அளத்தலும் நேரமும் திசையும் ஒரே பாடத்தில் அடங்கிவிடும். நம் மாநிலத்தில் ஆண்டுக்கு இரண்டு நாள்கள் நண்பகலில் சூரியன் நேர் உச்சிக்கு வருவதால் நேராக நிற்கும் குச்சிக்கு நிழலே விழாது. சென்னையில் ஏப்ரல் 24, ஆகஸ்ட் 18 வாக்கில் இது நிகழும். ஆகஸ்டில் பள்ளி நடக்கும் என்பதால் அந்த நிழலில்லா நாளை மேகம் மறைக்காதிருக்க வேண்டுமே என்று என் மாணவர்களோடு நானும் ஒவ்வோர் ஆண்டும் காத்திருப்பேன். மொழிப் பாடத்திற்குத் தனியாக எதுவும் செய்ய வேண்டியதில்லை. கண்டதைச் சொல்வதும் பிறகு எழுதுவதுமே மொழிப் பாடம்.

வெளியே விட்டால் பிள்ளைகள் விளையாடத்தானே செய்வார்கள்? திரும்பி வந்த பிறகு எப்படிப் படிப்பில் மனம் ஓடும்?

நானும் தொடக்கத்தில் அப்படித்தான் அஞ்சினேன். 2018-இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு ஒன்றில், மூன்றாம் வகுப்புக் குழந்தைகளுக்குப் பத்து வாரங்கள் ஒரே வகைப் பாடத்தை உள்ளேயும் வெளியேயும் நடத்திப் பார்த்தார்கள். வெளியே பாடம் நடந்ததை அடுத்து வகுப்பறையில் நடந்த வேளையில், "இங்கே கவனி" என்று ஆசிரியர் இடைமறிக்க வேண்டி வந்த தடவைகள் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்திருந்தன. இரண்டே வகுப்புகளில் நடந்த சிறிய ஆய்வு என்பதால் இதை முடிந்த முடிபாகக் கொள்ள நான் சொல்லமாட்டேன். ஆனால் என் வகுப்பில் கண்டதும் அதுவே. வெளியே சென்று வந்த பிறகு வரும் பாடவேளையைத்தான் எழுத்துப் பயிற்சிக்கு வைத்துக்கொள்வேன்.

என் வகுப்பில் 34 பேர். நான் ஒருத்திதான். எப்படிச் சமாளிப்பது?

இரண்டு ஆசிரியர்கள் சேர்ந்து செல்வதே நல்லது. முடியாவிட்டால் பள்ளி மேலாண்மைக் குழுவில் உள்ள பெற்றோர் ஒருவரை வாரம் ஒருமுறை வரச் சொல்லுங்கள். என் பள்ளியில் பாட்டிமார்கள் விருப்பத்தோடு வந்தார்கள். செடிகளை என்னைவிட அவர்கள் நன்கு அறிந்திருந்தார்கள் என்பது தனி நன்மை.

எல்லைதான் முதல் பாடம். "இந்தப் புங்கமரம் முதல் அந்தக் குழாய் வரை" என்று எல்லைகளைக் குழந்தைகளோடு சேர்ந்து நடந்து காட்டுங்கள். நான்கு நான்கு பேராகக் குழு பிரித்து, குழுவுக்கு ஒரு வேலையை மட்டும் கொடுங்கள். கூப்பிடுவதற்கு ஒரே ஒலியை வைத்துக்கொள்ளுங்கள். நான் பயன்படுத்தியது ஒரு சிறிய மணி. மணி கேட்டதும் மரத்தடியில் வந்து அமர்வதை முதல் நாள் விளையாட்டாகவே ஐந்தாறு முறை பழக்க வேண்டும். அன்று வேறெந்தப் பாடமும் நடத்த வேண்டாம். போகும்போதும் திரும்பும்போதும் தலை எண்ணுவதை ஒருநாளும் விட்டுவிடக் கூடாது.

வெயிலில் நின்றால் என் மகள் கறுத்துப் போவாளே, டீச்சர்?

இந்தக் கேள்வி பெரும்பாலும் பெண் குழந்தைகளைக் குறித்தே கேட்கப்படுகிறது என்பது எனக்கு ஆழ்ந்த வருத்தம் தருகிறது. நிறத்தைக் காட்டி ஒரு சிறுமியை வெளியுலகத்திலிருந்து விலக்கி வைப்பது அவளுக்குச் செய்யும் தீங்கு என்றே நான் கருதுகிறேன். கேட்ட தாய்மார்களிடமும் அன்போடு இதையே சொல்லியிருக்கிறேன்.

வெயிலின் கடுமை பற்றிய கவலை வேறு, அது நியாயமானது. வகுப்பைக் காலை 10.30 மணிக்குள், நிழலிலேயே வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு குழந்தையிடமும் தண்ணீர் இருக்க வேண்டும். ஜூனில் பள்ளி திறந்ததும் அனல் தணியாத வாரங்களில் அரை மணி நேரம் போதும். தலைவலி, மயக்கம், குமட்டல் என்று எந்தக் குழந்தை சொன்னாலும் உடனே உள்ளே அழைத்துச் செல்ல வேண்டும்.

வெளிச்சத்தால் வரும் நன்மையையும் பெற்றோர் அறிய வேண்டும். சீனாவின் குவாங்சோ நகரில் 12 பள்ளிகளின் முதல் வகுப்புக் குழந்தைகளிடம் நடந்து 2015-இல் வெளியான ஆய்வில், நாள்தோறும் கூடுதலாக 40 நிமிடம் வெளியே இருந்தவர்களில் மூன்றாண்டு முடிவில் 30.4 விழுக்காட்டினருக்கும், வழக்கம்போல் இருந்தவர்களில் 39.5 விழுக்காட்டினருக்கும் கிட்டப்பார்வை தோன்றியிருந்தது. மரநிழலில்கூட வகுப்பறையைவிடப் பன்மடங்கு வெளிச்சம் இருக்கும். வாரம் ஒரு மணி நேரம் இதற்குப் போதாது என்பதால், நாள்தோறும் இடைவேளையில் குழந்தைகளை உள்ளேயே அடைத்து வைக்காதிருப்பதும் அவசியம்.

மழைக்காலத்தில் என்ன செய்வீர்கள்? சேற்றில் கால் வைத்தால் புழு, காய்ச்சல் எல்லாம் வருமே?

மழை விட்ட மறுநாள் காலையைப் போல வளமான பாடவேளை ஆண்டு முழுவதும் கிடைக்காது. மண்புழு, நத்தை, காளான், சிவந்த பட்டுப்பூச்சி என்று நாம் தேடாமலே எல்லாம் வந்து நிற்கும். ஆனால் இடி கேட்டால் அந்த நொடியே கட்டடத்திற்குள் சென்றுவிட வேண்டும். மரத்தடியில் ஒதுங்கவே கூடாது.

கொக்கிப்புழு வெறுங்காலின் தோல் வழியாக நுழையக்கூடியது என்பதால் செருப்பு கட்டாயம். திரும்பியதும் சோப்பிட்டுக் கை கழுவுவதும் கட்டாயம். தேசியக் குடற்புழு நீக்க நாள்களில் பள்ளியில் தரும் அல்பெண்டசோல் மாத்திரையைக் குழந்தை தவறவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். டெங்குவைப் பரப்பும் கொசு நல்ல நீரில்தான் முட்டையிடுகிறது; முட்டை கொசுவாவதற்கு ஒரு வாரம் முதல் பத்து நாள் ஆகும். ஆகவே வாரந்தோறும் தேங்காய்ச் சிரட்டை, பழைய டயர், பூந்தொட்டித் தட்டு எங்கெல்லாம் நீர் தேங்கியிருக்கிறது என்று பார்த்து, ஆசிரியர் அதைக் கவிழ்க்கச் செய்வதே ஒரு பாடமாகிவிடும். என் மாணவர்கள் வீட்டிற்குப் போயும் இதைச் செய்தார்கள்.

பாம்பு வந்தால் யார் பொறுப்பு?

பொறுப்பு ஆசிரியருடையதுதான், அதனால்தான் முன்னேற்பாடு வேண்டும். வகுப்புக்கு முன்னால் ஆசிரியர் ஒருமுறை அந்த இடம் முழுவதும் காலைத் தட்டி நடந்து வர வேண்டும். செங்கல் குவியல், விறகுக் கட்டு, புதர், எலிவளை ஆகியவை இருக்கும் பக்கத்தை எல்லைக்கு வெளியே ஒதுக்கிவிட வேண்டும். கண்ணுக்குத் தெரியாத இடத்தில் கையை விடக் கூடாது, கல்லைப் புரட்டக் கூடாது என்ற இரண்டும் குழந்தைகளின் மனத்தில் பதிய வேண்டும். தேன்கூடோ குளவிக்கூடோ உள்ள மரத்தடியில் வகுப்பு வைக்கவே கூடாது.

பாம்பைக் கண்டால் அடிக்கவோ துரத்தவோ வேண்டாம். எல்லோரும் மெல்லப் பின்வாங்கினால் அது போய்விடும். கடித்துவிட்டால் கயிறு கட்டுவது, கீறுவது, வாயால் உறிஞ்சுவது எல்லாம் தீங்கானவை. குழந்தையை நடக்கவிடாமல், கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் வைத்து, 108-ஐ அழைத்து மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். நஞ்சுமுறி மருந்து இருக்கும் மிக அருகிலுள்ள அரசு மருத்துவமனை எது என்பதைக் கல்வியாண்டின் தொடக்கத்திலேயே விசாரித்து எழுதி வையுங்கள்.

எதையாவது பறித்து வாயில் வைத்துவிட்டால் என்ன செய்வது?

பாம்பைவிட எனக்கு இதில்தான் அச்சம் அதிகம். தொடக்க ஆண்டுகளில் நான் பணியாற்றிய ஒரு பள்ளியின் வேலியில் காட்டாமணக்கு இருந்தது. அதன் விதை சுவையாக இருப்பதால் குழந்தைகள் தின்றுவிடுவார்கள் என்பதை நான் அப்போது அறிந்திருக்கவில்லை. இரண்டு சிறுவர்கள் அதைத் தின்றுவிட்டுத் தொடர்ந்து வாந்தியெடுத்தார்கள். மருத்துவமனையில் ஓர் இரவு இருந்து தேறினார்கள். அந்த இரவை நான் மறக்கவில்லை. வேலியை முன்பே நான் பார்த்திருக்க வேண்டும்.

காட்டாமணக்கு, ஆமணக்கு, அரளி, ஊமத்தை, குன்றிமணி, எருக்கு ஆகியவை எங்கே இருக்கின்றன என்று ஆசிரியர் அறிந்திருக்க வேண்டும். நம் மாநில மலரான செங்காந்தள்கூடக் கிழங்கு முதல் விதை வரை நஞ்சுள்ளதுதான். பள்ளிக்குள் இருக்கும் அரளியையும் காட்டாமணக்கையும் அகற்றச் சொல்லுங்கள். அகற்ற முடியாதவற்றைக் குழந்தைகளுக்கு அடையாளம் காட்டி, "வெளி வகுப்பில் எதுவும் வாய்க்குப் போகக் கூடாது" என்ற ஒரே விதியை வையுங்கள். நெல்லிக்காய்க்கு மட்டும் விலக்கு என்று தொடங்கினால் ஆறு வயதுக் குழந்தைக்கு விதியே மறந்துவிடும். மீறி எதையாவது தின்றுவிட்டால், வாந்தியெடுக்க வைக்க முயலாமல், தின்றதன் மிச்சத்தையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

எங்கள் பள்ளியில் ஒரு மரம்கூட இல்லை. முழுக்க சிமென்ட் தரை. நாங்கள் என்ன செய்ய?

குச்சியின் நிழலுக்கு மரம் தேவையில்லை. கொசுப் பாடத்திற்கும் தேவையில்லை. சுவர் விரிசலில் முளைக்கும் அரசங்கன்று, மழைக்குப் பின் மதிலில் படரும் பாசி, எறும்பின் வரிசை, கம்பத்தில் கூடு கட்டும் காகம் எல்லாம் நகரத்திலும் உண்டு. காகத்தின் கூட்டில் குயில் முட்டையிடுவதைப் பாடமாக நடத்துவதற்கு முன், காகம் குயிலைத் துரத்துவதைக் குழந்தைகள் கண்ணால் கண்டிருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

ஒரு பெரிய தொட்டியில் கறிவேப்பிலையோ எலுமிச்சையோ வையுங்கள். வண்ணத்துப்பூச்சிகள் தேடி வந்து முட்டையிடும். முதலில் பறவை எச்சம்போல் தோன்றும் புழு பிறகு பச்சையாகி, கூட்டுப்புழுவாகி, ஏறத்தாழ ஒரு மாதத்தில் சிறகு விரிக்கும். வாரம் ஒருமுறை மட்டும் பார்ப்பது இதற்குப் போதாது. நாள்தோறும் ஐந்து நிமிடம் பார்க்க வேண்டும்.

குழந்தை ஒரு பூச்சியைக் காட்டிப் பெயர் கேட்கிறது. எனக்கே தெரியவில்லை. மானம் போகிறதே?

"எனக்குத் தெரியாது, சேர்ந்து கண்டுபிடிப்போம்" என்று சொல்லுங்கள். எத்தனை கால், சிறகு உண்டா, எந்தச் செடியில் இருந்தது, என்ன செய்துகொண்டிருந்தது என்று கேட்டு வரையச் சொல்லுங்கள். பெயரை வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு வரச் சொன்னால் ஒரே பூச்சிக்கு மூன்று பெயர்கள் வந்து சேரும். மழைக்குப் பின் வரும் பட்டுப்பூச்சிக்கு ஊருக்கொரு பெயர் உண்டு. அப்பெயர்களைத் தொகுப்பதே நல்ல தமிழ்ப் பாடம்.

பையன்கள் தட்டானைப் பிடித்து வாலில் நூல் கட்டுகிறார்கள். இதையும் கற்றல் என்று விட்டுவிடலாமா?

விட்டுவிடக் கூடாது. பொன்வண்டைத் தீப்பெட்டியில் அடைத்து வளர்த்த தலைமுறைதான் நாமும். ஆகவே அச்சிறுவர்களைக் கொடியவர்கள் என்று ஏசுவதில் நியாயமில்லை. ஆர்வத்தில்தான் பிடிக்கிறார்கள், அந்த ஆர்வத்திற்கு வேறு வேலை கொடுத்தால் போதும். தட்டான் ஒரே குச்சியில் எத்தனை முறை திரும்பி வந்து அமர்கிறது என்று எண்ணச் சொல்லுங்கள். பத்து நிமிடம் அசையாமல் இருந்தால்தான் எண்ண முடியும் என்பதை அவர்களே உணர்வார்கள். புழு, எறும்பு போன்றவற்றை அருகில் பார்க்க வேண்டுமானால் ஒளி புகும் டப்பாவில் சில நிமிடம் வைத்து, எடுத்த இடத்திலேயே விட வேண்டும். பறவைக் கூட்டையும் முட்டையையும் தொடவே கூடாது.

சக்கர நாற்காலியில் வரும் குழந்தையை, கண் தெரியாத குழந்தையை விட்டுவிட்டுத்தானே போக வேண்டியிருக்கும்?

அந்தக் குழந்தை வர முடியாத இடத்தை முதலிலேயே தேர்ந்தெடுக்காதீர்கள். நாற்காலி செல்லும் வழி எதுவரை இருக்கிறதோ அதுவரையே வகுப்பின் எல்லை. கண் தெரியாத குழந்தைக்காக மரத்துக்கு மரம் இடுப்பளவில் கயிறு கட்டினால் அதைப் பிடித்துத் தானே நடந்து வரும். வேப்பம்பட்டை, பூவரசின் இலை, துளசியின் மணம் என்று அக்குழந்தை கண்டறிந்து சொல்பவற்றை மற்றவர்கள் கண்ணை மூடிக்கொண்டு முயன்று பார்க்கும் வேளை, அந்த வகுப்பிலேயே மிக நல்ல வேளையாக அமையும்.

பிள்ளையைப் படிக்க அனுப்பினால் மண்வெட்டி எடுக்கச் சொல்கிறீர்களே, இது நியாயமா?

இக்கேள்விக்குப் பின்னால் ஒரு காயம் இருக்கிறது. சில வீட்டுப் பிள்ளைகளை மட்டுமே பெருக்கவும் தண்ணீர் சுமக்கவும் அனுப்பிய வழக்கம் நம் பள்ளிகளில் இருந்தது. அதை அனுபவித்த பெற்றோர் கேட்கத்தான் செய்வார்கள். எனவே வரம்பு தெளிவாக இருக்க வேண்டும். விதை ஊன்றுவதும் நீர் ஊற்றுவதும் ஒரு கேள்விக்கு விடை தேடுவதற்காக இருந்தால் கற்றல். வளாகத்தைச் சுத்தமாக்குவதற்காக இருந்தால் அது பணியாளரின் வேலை. யாருக்கு எந்த நாள் என்ற முறைப்பட்டியலை எல்லோரும் பார்க்கும்படி ஒட்டுங்கள். விலக்கு யாருக்கும் வேண்டாம். தண்டனையாக ஒருநாளும் தோட்டத்திற்கு அனுப்பாதீர்கள்.

இதற்கெல்லாம் மதிப்பெண் எப்படிப் போடுவது?

பாடம் நடக்கும்போதே வகுப்பில் செய்யும் வளரறி மதிப்பீட்டில் செயல்பாடுகளுக்கு இடம் இருக்கிறது. அளந்தது, வரைந்தது, எழுதியது எல்லாவற்றையும் அதில் சேர்க்கலாம். ஆனால் பூச்சியின் பெயரைக் கேட்டு மதிப்பெண் போடாதீர்கள். ஒரே குழந்தை ஜூலையில் வரைந்த இலையையும் டிசம்பரில் வரைந்த இலையையும் அருகருகே வைத்துப் பாருங்கள். நரம்புகளும் பூச்சி தின்ற ஓட்டைகளும் ஓவியத்தில் வந்திருந்தால் அக்குழந்தை பார்க்கக் கற்றிருக்கிறது. பெற்றோர் கூட்டத்தில் நான் காட்டுவதும் இந்த இரண்டு தாள்களைத்தான்.

நீங்கள் மாறுதலாகிப் போய்விட்டால் இதுவும் நின்றுவிடுமே?

ஆசிரியரை நம்பி நடந்தால் நின்றுதான் போகும். ஆகவே ஒரு மரத்திற்கு ஒரு குறிப்பேடு வைத்தோம். தளிர், பூ, காய், பழம் ஆகியவை எந்த வாரத்தில் வந்தன என்று வாரந்தோறும் ஒரு குழு அதில் எழுதும். சீசன்வாட்ச் திட்டத்தில் நாடெங்கும் உள்ள பள்ளிகள் மரங்களை இப்படித்தான் கவனித்துப் பதிவு செய்கின்றன. குறிப்பேடு ஐந்தாம் வகுப்பிடமிருந்து நான்காம் வகுப்பிடம் கல்வியாண்டின் கடைசி நாளில் ஒப்படைக்கப்படும். சென்ற ஆண்டு வேம்பு எந்த வாரம் பூத்தது என்று பார்த்து, இந்த ஆண்டு முந்துமா பிந்துமா என்று குழந்தைகள் எதிர்பார்க்கத் தொடங்கிவிட்டால், புதிதாக வரும் ஆசிரியரை அவர்களே கையைப் பிடித்து மரத்தடிக்கு அழைத்துச் செல்வார்கள். மாறுதலாகி நான் விட்டு வந்த பள்ளி ஒன்றில் அந்தக் குறிப்பேடு இப்போது மூன்றாம் ஆசிரியரின் காலத்தில் நடந்துகொண்டிருக்கிறது.